சினை ஊசியில் எத்தனை உயிரணு? மாடு நிற்காததற்கு அதுதான் காரணமா?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

‘‘எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கலப்பின ஜெர்சி மாடு. இரண்டாவது ஈத்து. கன்று போட்டு ஆறு மாதம் ஆகிறது. மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. ‘இப்போது வருகிற ஊசியில் உயிரணு குறைச்சல், இரண்டு ஊசியாகச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்’ என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். ‘பேசாமல் காளைக்கு விடுங்கள்’ என்கிறார் மாமனார். பால் குறைந்துகொண்டே வருகிறது. வியாபாரி இரண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார். மாட்டை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?’’

ஊர்ப் பெயர் மட்டும் மாறி, இந்தக் கேள்வி நம் வாசகர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. அதனால் பதிலைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். சுருக்கமான பதில் இதுதான்: மூன்று ஊசி தவறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மாட்டை விற்க வேண்டாம். இரண்டு ஊசியைச் சேர்த்துப் போடவும் வேண்டாம். அடுத்த பருவம் வருவதற்குள் மாட்டை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதை இனி பார்ப்போம்.

ஒரு குச்சிக்குள் 2 கோடி

நாம் ‘சினை ஊசி’ என்று சொல்வது உண்மையில் ஊசியே கிடையாது. அது கால் மில்லி அளவு பிடிக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சி. உறைவிந்துக் குச்சி என்பார்கள். நம் நாட்டில் பின்பற்றப்படும் தரக்கட்டுப்பாட்டின்படி, ஒவ்வொரு குச்சியிலும் உறைய வைக்கும்போது 2 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். அதைத் திரும்ப உருக்கிப் பார்க்கும்போது பாதிக்குக் குறையாமல், அதாவது 1 கோடியாவது முன்னோக்கி நீந்த வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத குச்சிகள் நிலையத்தைவிட்டு வெளியே வரக் கூடாது.

விதைப் பையில் முளைப்புத்திறன் அட்டை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சான்று பெற்ற நெல் விதை என்றால் நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும். அதுபோன்ற ஒரு சான்றுதான் இதுவும். தமிழகத்தில் ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. சென்னைக்கு அருகே அலமாதியில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் நிலையம் இருக்கிறது. குச்சியின் மேல் காளையின் எண், இனம், நிலையத்தின் குறியீடு எல்லாம் அச்சிட்டிருக்கும்.

இந்த முறை நமக்குப் புதியதும் அல்ல. 1939-லேயே மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் என்பவர் பசுக்களுக்குச் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்தார். இந்தியாவில் அதுதான் முதல்முறை. அன்றைக்கு விந்தை நீண்ட நாள் வைத்திருக்க வழியில்லை. 1949-ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவரோடு பணியாற்றியவர்களும், கிளிசரால் சேர்த்தால் உயிரணு உறைந்த பிறகும் பிழைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊட்டிக் காளையின் கன்று காரவள்ளியில் பிறப்பது சாத்தியமானது.

காளை விடுவது 500 கோடி, குச்சியில் 2 கோடி போதுமா?

ஒரு நல்ல காளை ஒரு தடவைக்குச் சுமார் 5 மில்லி விந்து விடும். ஒரு மில்லியில் 100 கோடி உயிரணு என்று வைத்தால், மொத்தம் 500 கோடி. அதைத்தான் நிலையத்தில் பிரித்து, ஏறக்குறைய 250 குச்சிகளில் அடைக்கிறார்கள். ‘‘500 கோடி போக வேண்டிய இடத்தில் 2 கோடி போனால் எப்படி நிற்கும்?’’ என்று கேட்பது நியாயமான சந்தேகம்தான்.

விடை, விந்து விழும் இடத்தில் இருக்கிறது. காளை விந்தை விடுவது பிறப்புறுப்பின் உள்பகுதியில், கருப்பை வாய்க்கு வெளியே. கருப்பை வாய் என்பது மூன்று, நான்கு மடிப்பு வளையங்கள் கொண்ட கெட்டியான கதவு. அந்த 500 கோடியில் பெரும்பகுதி அந்தக் கதவைத் தாண்டாமலே வழிந்து போய்விடுகிறது. சினை ஊசி போடுபவரோ, துப்பாக்கி போன்ற கம்பியை அந்தக் கதவைத் தாண்டிக் கொண்டுபோய், கருப்பையின் வாசலிலேயே விந்தை விடுகிறார். கதவைத் தாண்டி இறக்கிவிடுவதால் 2 கோடியே தாராளம். அங்கிருந்து கருமுட்டைக் குழாய்வரை போய்ச் சேர்வது சில ஆயிரம்தான். முட்டைக்குள் நுழைவது ஒன்றே ஒன்று.

எண்ணிக்கை கூடினால் சினை கூடுமா?

ஓர் எல்லை வரைக்கும் கூடும். உயிரணு மிகக் குறைவாக இருந்தால், கூட்டக் கூட்டச் சினை பிடிப்பதும் கூடும். அந்த எல்லையைத் தொட்ட பிறகு, அதற்கு மேல் எத்தனை கோடி சேர்த்தாலும் சினைப்பிடிப்பு அப்படியே நின்றுவிடும். ஒரு குழிக்கு இரண்டு விதை போடுவதற்கும் ஒன்று போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. பத்து விதை போட்டால் பத்து மடங்கு மகசூல் வராது, அதுபோலத்தான்.

ஒரு குச்சிக்கு 2 கோடி என்று வைத்திருப்பதே அந்த எல்லைக்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டுத்தான். அதனால் இரண்டு குச்சியைச் சேர்த்துப் போடுவதில் லாபம் எதுவும் இல்லை. நேரம் தவறிப் போட்டால் இரண்டும் வீண். கருப்பையில் புண் இருந்தால் நான்கும் வீண். அதே சமயம், ஊசி போட்டு 12 மணி நேரம் கழித்தும் மாடு பருவ அறிகுறி காட்டினால் இன்னொரு முறை போடுவது வழக்கத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம் முட்டை இன்னும் வெளியேறாமல் இருப்பது. அங்கே கூட்டுவது நேரத்தை, எண்ணிக்கையை இல்லை.

2 கோடி வழியில் கரைவது எப்படி?

நிலையத்தில் 2 கோடி இருந்தது சரி. உங்கள் மாட்டுக்குள் போகும்போது எத்தனை உயிரோடு இருந்தது என்பதுதான் கேள்வி. குறை வருவதற்கு வழியில் மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, நைட்ரஜன் கேன். உறைவிந்து இருக்க வேண்டியது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில். நைட்ரஜன் நாள்தோறும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நேரத்துக்கு நிரப்பாவிட்டால் குச்சிகள் சூடேறும். குச்சியைத் தேடுவதற்காகக் கூடையைக் கேனின் வாய்க்கு மேலே தூக்கி, சில விநாடிகளுக்கு மேல் வைத்திருந்தாலும் அதே கேடுதான். திரும்ப நைட்ரஜனில் முக்கினால் குச்சி உறையும், செத்த உயிரணு பிழைக்காது. வெளியே பார்த்தால் நல்ல குச்சிக்கும் கெட்ட குச்சிக்கும் வித்தியாசமே தெரியாது.

இரண்டாவது, உருக்குவது. கேனிலிருந்து எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் 30 விநாடி வைக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டு உருக்குவது, உள்ளங்கையில் உருட்டுவது, குளிர்ந்த தண்ணீரில் போடுவது எல்லாமே உயிரணுவைக் குறைக்கும். உருக்கிய பிறகு 15 நிமிடத்துக்குள் மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு வீட்டில் உருக்கி, அடுத்த தெருவுக்கு எடுத்துப்போகிற வேலை கூடாது.

மூன்றாவது, விடும் இடம். கருப்பை வாயைத் தாண்டியதும் இருக்கிற கருப்பையின் உடல் பகுதி 2 சென்டிமீட்டர் அளவுதான் நீளம். அங்கேதான் விட வேண்டும். அதற்கு முன்பே விட்டுவிட்டால் பாதி விந்து பின்னால் வழிந்துவிடும். மாடு மிரண்டு துள்ளினால் கை தவறும். அதனால் ஊசி போட வருவதற்கு முன்பே மாட்டை நிழலில் கட்டி, பழகிய ஆள் ஒருவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும். மாட்டை வெயிலில் ஓட்டிக்கொண்டு போய், மூச்சு வாங்கும்போதே ஊசி போடுவதும் நல்லதில்லை.

ஊசி போட வருபவரோடு மல்லுக்கு நிற்க இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் வருவதற்கு முன்பு ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சுத்தமான துணியும் எடுத்து வையுங்கள். ‘‘எந்தக் காளை சார், எண் என்ன?’’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கவனிக்கிற வீட்டில் வேலையும் கவனமாக நடக்கும்.

அதிகம் தவறுவது நேரம்

உயிரணு குறைவதைவிட அதிகமாகச் சினை தவறுவது நேரத்தால்தான். மாட்டுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். பருவம் இருப்பது 12 முதல் 18 மணி நேரம். பருவம் அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வரும். அந்த முட்டைக்கு ஆயுசு அரை நாள்கூட முழுதாகக் கிடையாது. உறைந்து உருகிய உயிரணுவுக்கும் ஆயுசு குறைவுதான். இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு சந்திக்க வேண்டும்.

காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கடிதம் எழுதிய வாசகியைப் போல ஒற்றை மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. பருவத்துக்கு வந்த மாட்டின் நிச்சயமான அடையாளம், வேறு மாடு தன்மீது தாவும்போது நகராமல் நிற்பது. கொட்டகையில் வேறு மாடே இல்லை என்றால் இந்த அடையாளத்தைப் பார்க்க முடியாது. அப்போது மற்றதைத்தான் பார்க்க வேண்டும். விடாமல் கத்துவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, தீவனம் குறைவது, திடீரெனப் பால் குறைவது, கண்ணாடி போல் தெளிந்த கோழை கயிறாகத் தொங்குவது. காலையில் கறக்கும்போது ஒருமுறை, இரவு படுக்கப் போகும் முன்பு ஒருமுறை, மாட்டின் பின்பக்கத்தையும் படுத்த இடத்தையும் பாருங்கள். கோடையில் பருவ அறிகுறி பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் தெரியும்.

சில மாடுகளுக்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் லேசாக ரத்தம் கசியும். அதைப் பார்த்து ஊசி போட வேண்டாம். அந்தப் பருவம் போய்விட்டது என்று அர்த்தம். தேதியைக் குறித்துவைத்து, 18-வது நாளிலிருந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருங்கள்.

எண்ணிக்கையே காரணமாகும் இடங்கள்

குச்சியில் வரும் விந்துக்கு ஆய்வகம் எண்ணிக் கொடுக்கிறது. ஊர்க் காளைக்கு யார் எண்ணுவது? காளையின் உடலில் ஓர் உயிரணு உருவாகி முதிரச் சுமார் இரண்டு மாதம் ஆகும். கோமாரியோ, கடும் காய்ச்சலோ வந்து எழுந்த காளையும், கத்திரி வெயிலில் வாடிய காளையும் பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். ஆனால், அடுத்த இரண்டு மாதத்துக்கு அதன் விந்தில் உயிரணு குறைந்தும் ஊனப்பட்டும் இருக்கலாம். அதோடு, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா போன்ற நோய்களை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டு சேர்க்கவும் செய்யும். காளைக்கு விடச் சொன்ன மாமனாரின் அனுபவத்தில் ஓர் உண்மை இருக்கிறது. காளை நேரம் தவறாது. ஆனால், பரிசோதிக்காத காளையை நம்பி மாட்டை விடுவது சூதாட்டம்.

பெண் கன்று மட்டும் பிறப்பதற்கான, பாலினம் பிரித்த உறைவிந்து இப்போது கிடைக்கிறது. 100-க்கு 90 கன்று கிடேரியாகவே பிறக்கும். ஆனால், அந்தக் குச்சியில் உயிரணு வழக்கமாக 20 லட்சம் அளவில்தான் இருக்கும். சாதாரணக் குச்சியில் பத்தில் ஒரு பங்கு. பிரிக்கும்போது உயிரணுவும் கொஞ்சம் களைத்துவிடுகிறது. இதில் பாதுகாப்பு இடைவெளி கிடையாது. ஆரோக்கியமான கிடேரிக்கும், முதல் ஊசியிலேயே நிற்கிற பழக்கமுள்ள மாட்டுக்கும் இது ஏற்றது. மூன்று முறை தவறிய மாட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு மருத்துவமனையில் செய்கிற ‘ஐயுஐ’ சிகிச்சையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதுவும் விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவதுதான். ஆனால், அங்கே குச்சி நிலையத்திலிருந்து வருவதில்லை. கணவரின் விந்தையே எடுத்துச் சுத்தம் செய்து செலுத்துகிறார்கள். அதனால் எண்ணிக்கை அங்கே முதல் கேள்வியாகிவிடுகிறது. ஒரு மில்லியில் 1.6 கோடிக்குக் குறைந்தால் குறைவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு கையேடு கணக்கிடுகிறது. சுத்தம் செய்த பிறகு நீந்தும் உயிரணு 50 லட்சம் முதல் 1 கோடி வரையாவது இருந்தால் நல்லது. 10 லட்சத்துக்கும் கீழே போனால் வாய்ப்பு மிகவும் குறைவு, மருத்துவர்கள் வேறு சிகிச்சையைச் சொல்வார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மாதத்துக்கு நூற்றில் பத்து, இருபது பேருக்குத்தான் கரு தங்கும். மனைவிக்குப் பல பரிசோதனைகள் செய்வதற்கு முன்பு கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்துவிட வேண்டும். செலவும் வலியும் குறைந்த பரிசோதனை அது. 2021-ல் வந்த சட்டப்படி, இந்தச் சிகிச்சை தரும் மருத்துவமனை பதிவு பெற்றிருக்க வேண்டும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று முறை தவறினால் மாடு மலடா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் ஒரு ஊசிக்குச் சினை பிடிப்பது பத்து மாட்டுக்கு மூன்று, நான்குதான். நான்கு என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் குறையும் இல்லாத 100 மாடுகளுக்கு ஊசி போட்டால் முதல் முறையில் 40 நிற்கும், 60 திரும்பும். அந்த 60-ல் இரண்டாவது முறை 24 நிற்கும், 36 திரும்பும். மூன்றாவது முறைக்குப் பிறகும் ஏறக்குறைய 22 மாடு நிற்காமல் இருக்கும். அந்த 22-ம் நல்ல மாடுகள்தான். அவற்றை அடிமாட்டுக்குக் கொடுப்பது, கைக்கு வந்த கறவையைத் தள்ளிவிடுவது.

ஆனால், நான்காவது ஊசியையும் அதேபோலப் போட்டுப் பார்ப்பதும் சரியில்லை. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போகிறது. தீவனத்துக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்றாலும் 3,150 ரூபாய். மாட்டின் சினைக்காலம் 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டும் என்றால் கன்று போட்ட 85 நாளுக்குள் சினை நிற்க வேண்டும். ஆறு மாதம் ஆகிவிட்ட மாட்டுக்குக் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

மருத்துவர் கைவிட்டுப் பார்த்தால் கருப்பை, சினைப்பை இரண்டின் நிலையும் தெரிந்துவிடும். பருவத்தில் வரும் கோழையில் தயிர் போல் வெள்ளையோ, சீழோ கலந்திருந்தால் கருப்பையில் புண் இருக்கிறது. அதற்கு மருந்து வைத்து ஆற்றிய பிறகுதான் ஊசி போட வேண்டும். புண் உள்ள கருப்பையில் 2 கோடி உயிரணுவும் சாகும். முட்டை தாமதமாக வெளியேறுகிற மாடு என்றால், ஊசி போடும் அன்றே ஒரு ஹார்மோன் ஊசியும் போடுவார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பது நல்ல வாய்ப்பு. மாட்டைக் கொண்டுபோக முடியாதவர்கள் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைப் பற்றிக் கேட்கலாம்.

தீவனத்தையும் பாருங்கள். உங்கள் பக்கத்தில் மரவள்ளித் திப்பி மலிவாகக் கிடைக்கும். அது வயிற்றை நிரப்பும், மாவுச்சத்தும் தரும். புரதமும் தாது உப்பும் அதில் மிகக் குறைவு. திப்பியோடு கடலைப் பிண்ணாக்கும், அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தீவனமும், நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் சேர்த்தால்தான் கருப்பைக்குத் தெம்பு வரும். குடற்புழு நீக்கம் செய்து எத்தனை மாதம் ஆகிறது என்றும் யோசித்துப் பாருங்கள்.

பரிசோதனைக்குப் பிறகும் ‘கருமுட்டைக் குழாய் அடைத்துவிட்டது, இனி நிற்காது’ என்று மருத்துவர் சொன்னால், அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்பு வியாபாரியைத் திண்ணையில் உட்கார வைக்க வேண்டாம்.

மலைமேல் இருப்பவர்களுக்கு

காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. செம்மேட்டுக்கு அப்பால் உள்ள ஊர்களில், ஆள் வருவதற்குள் பருவம் அடங்கிவிடுவதும் உண்டு. அங்கே இருப்பவர்கள் பருவம் முற்றட்டும் என்று காத்திருக்காமல், முதல் அறிகுறி தெரிந்ததுமே தகவல் சொல்லிவிட வேண்டும். எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், எப்போது வருவது என்று அவரே முடிவு செய்துகொள்வார். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பருவத் தேதிகளைக் குறித்துவைத்தால், அடுத்தது யார் வீட்டு மாடு, எந்த வாரம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எங்கே இருந்தாலும் ஒரு பழைய நோட்டுப் போதும். கன்று போட்ட தேதி, பருவம் தெரிந்த தேதியும் மணியும், ஊசி போட்ட மணி, காளையின் எண், கோழையின் நிறம். மாட்டின் காதில் இருக்கும் 12 இலக்க எண்ணை முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஊசி போட்டு மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்து, அதையும் குறியுங்கள். மருத்துவரிடம் போகும்போது மாட்டோடு அந்த நோட்டையும் கொண்டுபோனால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.